நடு வரிசை

குழிகுழியான எலிசா சோதனைத் தட்டை அலுமினியத் தாளில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தும்போது, வரக்கூடாது, நடு வரிசையில் மட்டும் நிறம் வரவே கூடாது என்று தமயந்தி முணுமுணுத்தாள். மூன்று வருஷமாக வரவேண்டும் வரவேண்டும் என்று மருதமலைக்குப் படியேறிய அதே தமயந்திதான். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும். இனிக் கால் மணி நேரத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வெளிச்சம் பட்டால் நிறம் கெட்டுவிடும், அதனால் இருட்டில் வைக்கவேண்டும், வைத்தாயிற்று. நடுவில் திறந்து பார்க்கக்கூடாது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். உயிர்வேதியியல் துறையின் மாடியில் கடைசி அறை, வெளியே கோயமுத்தூரின் மதிய வெயில், யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். கையுறைக்குள் விரல்கள் வியர்த்து வழுவழுத்தன. நறுக்கிய காளான் போல என்று நினைத்தாள், நினைத்ததும் தள்ளிவிடப் பார்த்தாள், அது போகவில்லை. வெள்ளை வெளேரென்ற பால்காளான். நறுக்கி, வெந்நீரில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றில் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால் வெள்ளை நூல் நூலாகத் திரண்டு அடியில் இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. அதைப் புரதம் நீக்கிச் சுத்தம் செய்து உலர்த்தினால் கிடைப்பது ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அந்தப் பொடியைத்தான் அவளுடைய தம்பி பூபதி போன அமாவாசையிலிருந்து சூப்பில் கலந்து குடித்துக்கொண்டிருக்கிறான்.

சாப்பாட்டு வேளையில் அம்மா போனில் சொன்னாள், அதுவும் தக்காளி விற்கிற விலையைச் சொல்லி அலுத்துக்கொண்ட பிறகு, போகிற போக்கில். “அந்த வெள்ளப் பொடி தீந்துபோச்சு அம்மிணி. இன்னுங் கொஞ்சம் கொண்டாறயா?” “எந்தப் பொடிம்மா?” “ஐஸ் பொட்டில கொண்டாந்து வெச்சீல்ல, சின்ன பாட்டல்ல. தெனமும் ஒரு கரண்டி நம்ம பூபதிக்கு சூப்புல போட்டுக் குடுத்தேன். எதிர்ப்பு சக்தி வருமுன்னு நீதான சொன்னே.” வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. இனிமேல் கொடுக்காதே என்றாள். “ஏன், கெட்டுப்போச்சா?” என்று அம்மா பதறினாள். ஆமாம், கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டாள். வேறு எதைச் சொல்வாள்? அவன் உடம்புக்குள் ஓடுகிற சிறுநீரகம் அம்மா கொடுத்தது. அவனுடைய இரண்டும் செயலிழந்து, முகம் ஊதி, மூச்சு வாங்கிக் கிடந்த நாட்களில், எனக்கு எதுக்கு ரெண்டு, ஒண்ணு போதும் என்று சொல்லிப் படுத்த அம்மா. அந்தச் சிறுநீரகத்தை அவன் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் இருப்பதற்காகத்தான் காலையும் மாலையும் மாத்திரை, ஆயுசு முழுக்க மாத்திரை, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டித் தூங்கவைக்கிற மாத்திரை. ஊரெல்லாம் கூடவேண்டும் என்று சாமி கும்பிடுகிற எதிர்ப்பு சக்தி அவனுக்கு மட்டும் கூடவே கூடாது. இதை டாக்டர் அம்மாவிடம் சொன்னார்தான். டாக்டர்கள் பேசுகிறபோது அம்மா தலையாட்டுவாள், வாசலைத் தாண்டியதும் பூபதியின் கன்னத்தைத் தடவி, எளைச்சுப்போனான் என்பாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டர் அறுவை அரங்கில் இருக்கிறார் என்றார்கள். போனை எடுத்த பெண், “காளான்தானுங்களே மேடம்? காளான் எல்லாருந்தான சாப்பிடறாங்க. எதுக்கும் ரத்தம் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, டாக்டர் வந்ததும் நான் சொல்றேன்” என்றாள். நல்ல பெண், கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினாலும் நல்ல பெண். காளான் என்றால் காளான்தான், ஒரு தட்டுக் காளானை வறுத்துத் தின்றால் ஒன்றும் வராது, அவனே எத்தனை தடவை தின்றிருக்கிறான். இது ஒரு தட்டு இல்லையே. இது கூடை கூடையாகக் காளானை வற்றக் காய்ச்சி எடுத்த ஒரு கரண்டி. அதைச் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னபடி பூபதி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான், சாயங்காலம்தான் முடிவு வரும். அதுவரை என்ன செய்வது? அவளுக்கு முன்னால் இழுப்பறைக்குள் இருப்பதும் ஒரு முடிவுதான். அதுவும் அவன் சங்கதியைத்தான் சொல்லப்போகிறது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதை, தெரிகிறது. கண்ணுக்கு எட்டியது வால் மட்டும்தான் என்றால் அதைத்தானே பிடிக்கமுடியும்.

அவள் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பியிருந்தது, ஒரே ஒரு கேள்வியோடு. உங்கள் பொடியைப் போட்டதும் எதிர்ப்பு செல்கள் சீறுகின்றன, சரி. சீறவைப்பது பொடியில் இருக்கிற காளானின் சர்க்கரையா, இல்லை அதில் ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கா? யாரோ முகம் தெரியாத மகானுபாவர், அவர் வாயில் சர்க்கரைதான் போடவேண்டும். செத்த பாக்டீரியாவின் மேல்தோலில் ஒரு நஞ்சு உண்டு, தண்ணீரில் இருக்கும், கண்ணாடியில் இருக்கும், கொதித்தாலும் சாகாது. அதில் துளி பட்டாலும் போதும், செல்கள் வெறிபிடித்துக் கத்தும். இந்தத் துறையில் எத்தனையோ பேர் அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு என் மருந்து வேலை செய்கிறது என்று துள்ளிக் குதித்திருக்கிறார்கள், பின்னால் குனிந்த தலை நிமிராமல் போயிருக்கிறார்கள். அதனால் மூன்று வரிசை. மேல் வரிசையில் அவள் பொடி மட்டும். கீழ் வரிசையில் அந்த நஞ்சும் அதை முறிக்கிற மருந்தும், முறிப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. நடு வரிசையில் பொடியோடு முறிப்பு. செல்கள் சீறியிருந்தால், அவை கக்கியதை எடுத்து ஊற்றிய இந்தத் தட்டின் குழியில் நீலம் வரும். நடு வரிசை வெளுத்துப்போனால் இத்தனை நாள் கத்தியது அழுக்கு, பொடி வெறும் பொடி, தமயந்தி ஒரு மடச்சி, பூபதி பிழைத்தான். அந்த நஞ்சு வயிற்றுக்குள் போனால் பெரிதாக ஒன்றும் இல்லை, தினம் நம் குடலில் மலைமலையாகக் கிடப்பதுதான். நடு வரிசையும் நீலமானால் பொடி மெய். நேற்று காலை செல்களுக்கு இவற்றையெல்லாம் ஊற்றியபோது நடு வரிசைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாக, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஊற்றினாள். நேற்று அவளுக்கு நீலம் வேண்டியிருந்தது.

அம்மா சூப்பை எதில் வைத்தாள்? கேட்கவில்லை. குக்கரிலா, சட்டியிலா? குக்கரில் என்றால், ஒரு நிமிஷம், குக்கரில் என்றால் நல்லதா? அந்தச் சர்க்கரை ஒற்றை நூல் இல்லை, மூன்று நூல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட புரி. அந்தப் புரி அவிழ்ந்துபோனால் பாதி வலிமை போய்விடும் என்று எத்தனை கருத்தரங்கில் அவளே படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். புரி அவிழக் கொதிநிலையைத் தாண்டிய சூடு வேண்டும். குக்கருக்குள் கொதிநிலையைத் தாண்டும். தாண்டும், ஆனால் போதுமான அளவு தாண்டாது. எத்தனை விசில் விட்டாலும் அவ்வளவு ஏறாது. அப்படியானால் புரி அப்படியே இருந்திருக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்திருப்பாளோ? பிழிந்தாலும் அந்தப் புளிப்பு ஒன்றும் செய்யாது. அவிழ்க்கக் கடுங்காரம் வேண்டும், வாயில் வைக்கமுடியாத காரம், எரிசோடா. மிளகுதான் போட்டிருப்பாள், மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும். அம்மாவின் கைப்பக்குவத்தில் எதுவும் கெட்டுப்போனதாகச் சரித்திரமில்லை. குக்கரிலா சட்டியிலா? எதில் என்றாலும் ஒன்றுதான் என்று இப்போதுதானே கணக்குப் பார்த்தாள், மறுபடியும் எதற்கு அங்கேயே வந்து நிற்கிறாள்? சோறும் இதே சர்க்கரைதான். அதே மணி, கோத்த விதம்தான் வேறு. சோற்றில் கோத்திருக்கிற முடிச்சை அவிழ்க்க நம் வயிற்றுக்குத் தெரியும், அவிழ்த்துச் செரித்துவிடும். காளானின் முடிச்சு வேறு, பக்கவாட்டில் கிளை விட்டு முடிந்த முடிச்சு, அதை அவிழ்க்கிற சாறு மனுஷன் வயிற்றில் ஊறுவதில்லை. அவிழாமல் உருண்டு குடலில் இறங்கும். அங்கே காவல் இருக்கிற செல்களின் மேல் அந்த முடிச்சைத் தடவிக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு கை இருக்கிறது. பூஞ்சை வந்துவிட்டது, எழுந்திரு என்று அந்தக் கை மற்றவர்களை எழுப்பும். பூபதியின் உடம்பில் தூங்கிக்கொண்டிருப்பவர்களை. எழுந்தால் அவர்கள் கண்ணுக்கு முதலில் எது படும் என்று யோசிக்கக்கூடாது, யோசிக்கவேண்டாம்.

எதிர்ப்பு சக்தி என்று சொன்னது அவள்தான். சித்திரையில் பெரியம்மா வீட்டுக்காரர்கள் வந்திருந்தபோது, இன்னும் என்ன படிப்பு அம்மிணி, கல்யாணங் காச்சின்னு ஒண்ணும் இல்லையா என்று பெரியப்பா இழுத்தார். பதிலுக்குக் கொஞ்சம் மிடுக்காகவே, காளானிலிருந்து எதிர்ப்பு சக்திக்கு மருந்து எடுக்கிறேன் பெரியப்பா, புற்றுநோய்க்காரர்களுக்குக்கூடக் கொடுக்கலாம் என்றாள். கொடுக்கலாமா என்பதைப் பார்க்கத்தான் ஆராய்ச்சி, பாதியைத்தான் சொன்னாள், மிச்சத்தைச் சொன்னால் பெரியப்பா எழுந்துபோய்விடுவார். அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் பேசுகிற பேச்சில் ஒரு சொல் புரிந்ததே என்று அவள் முகம் மலர்ந்ததைத் தமயந்தி பார்த்தாள், பார்த்துப் பூரித்துப்போனாள். பிறகு ஆய்வகத்தின் குளிர்பெட்டி பழுதாகி, சாமானெல்லாம் அங்கங்கே தஞ்சம் கேட்டு அலைந்த வாரத்தில், பொடி நமத்துப்போகுமே என்று ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆய்வுச் சாமானை வீட்டு ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவளே வகுப்பெடுப்பாள். ஊருக்குத்தான் உபதேசம். தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா அதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாளோ. மகள் கொண்டுவந்து வைத்த மருந்து, பக்கத்து அறையில் இளைத்துப்போன மகன், நடுவில் ஒரு கரண்டிதான் பாக்கி. அம்மாமேல் கோபப்படப் பார்த்தாள், கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது.

நஸ்ரின் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், இரண்டு கையிலும் டீ. பக்கத்து மேசைக்காரி, கடல்பாசியில் ஆராய்ச்சி, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது அவளுக்கு. “என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? டிராயரைத் திறந்து பாத்தியா?” “இல்ல.” “பாக்காதே. பாத்தா உன்ன மாதிரியே அதுவும் வெளுத்துடும்.” டீயை மேசை ஓரத்தில், தட்டு இருக்கிற பக்கத்துக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். “காலைல உனக்காக துஆ பண்ணேன் தமயந்தி. நடு வரிசை வரணும்னு பேரு சொல்லிக் கேட்டேன். அல்லாவுக்கே எலிசா தட்டு என்னன்னு விளக்கிச் சொல்ல வேண்டியதாப் போச்சு.” தமயந்தி சிரித்தாள், சிரிக்கிற மாதிரி முகம் தானாக நடந்துகொண்டது. சொல்லிவிடலாமா? சொன்னால் இவள் உடனே எழுந்து துஆவைத் திருப்பி வாங்கப் போவாள், அவ்வளவு நல்லவள். கைடு சேதுமாதவன் சார்கூட ஊரிலிருந்து காலையில் போன் பண்ணி, வெண்ணெய் திரண்டு வர்ற நேரம், தாழியைப் பாத்துக்கோம்மா என்றார். எல்லாரும் நிறம் வேண்டும் என்கிற பக்கத்தில் நிற்கிறார்கள். வேண்டாம் என்கிற பக்கத்தில் அவள் ஒருத்திதான், அதுவும் உறுதியாக நிற்கிறாளா என்று அவளுக்கே சந்தேகம். “டீ ஆறுது” என்றாள் நஸ்ரின்.

வெளுத்துப்போகட்டும். வெளுத்துப்போனால் என்ன போகும்? மூன்று வருஷம் போகும். உதவித்தொகை முடிந்துவிட்டது, புதிதாக ஒன்றைத் தொடங்க விடமாட்டார்கள், பெரியப்பா பல்லைக் காட்டுவார். போகட்டும், எந்தப் பள்ளிக்கூடத்திலாவது தாவரத்தின் பாகங்களைக் கரும்பலகையில் வரைந்துகொண்டு காலம் தள்ளலாம். பூபதி இருப்பான். போன வருஷம் அவனுக்கு ஆபரேஷன் ஆனபிறகு முதல் தடவையாகச் சிறுநீர் பிரிந்தபோது, நர்ஸ் அந்தக் குடுவையைத் தூக்கிக் காட்டினாள். கோயில் பிரசாதத்தைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் அதைப் பார்த்து அழுதார்கள். அம்மா பக்கத்து வார்டில் மயக்கம் தெளியாமல் கிடந்து, வந்துச்சா, வந்துச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சீவன் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தார்கள். உண்மையில் ஒட்டவில்லை, ஒருநாளும் ஒட்டாது, மாத்திரை போட்டு உடம்பை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்நிய உறுப்பை அடையாளம் காண்பதுதான் உடம்பின் தர்மம். தாயின் உறுப்பு என்றால் மட்டும் அது விட்டுவிடுமா? பாதியாவது விடும், பாதி அம்மாதானே அவன். மிச்சப் பாதிக்கு? நிராகரிப்பு சத்தம் போட்டுக்கொண்டு வராது என்று டாக்டர் சொன்னார், முதலில் ஒன்றுமே தெரியாது, நன்றாக இருப்பதுபோல்கூட இருக்கும் என்றார். இப்போது அவன் எப்படி இருக்கிறான்? ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது நன்றாக இருந்தான். நன்றாக என்றால் எந்த நன்றாக? இழுப்பறையின் பிடியை விரலால் தொட்டாள், எடுத்துவிட்டாள். உள்ளே இருட்டில் அது பாட்டுக்கு வந்துகொண்டோ வராமலோ இருக்கிறது, அவள் என்ன வேண்டினாலும் அதற்குக் காதில்லை. நடக்கவேண்டியது நேற்றே அந்தச் செல்களுக்குள் நடந்து முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறவன் உடம்புக்குள்ளும் அப்படியே முடிந்திருக்கும்.

மேசைக் கடிகாரம் கிணுகிணுத்தது. நஸ்ரின் ஆளுக்கு முந்திக்கொண்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள், மூச்சு கழுத்தில் பட்டது. தமயந்தி இழுப்பறையைத் திறந்தாள். தட்டை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்து அலுமினியத் தாளைப் பிரித்தாள். மேல் வரிசை நீலம். கீழ் வரிசை தண்ணீர் மாதிரி தெளிவு, முறிப்பு வேலை செய்திருக்கிறது. நடு வரிசை நீலம். கலங்கலோ சாயலோ இல்லாமல், குழிக்குக் குழி ஒரே மாதிரி, மேல் வரிசைக்கும் நடு வரிசைக்கும் வித்தியாசம் சொல்லமுடியாத நீலம். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க ஒன்றுமில்லை, நெஞ்சு ஒரு தரம் துள்ளி வாய்வரை வந்தது. மூன்று வருஷமாகப் பூட்டி வைத்திருந்தது, பூபதியின் பெயர் அதைப் பிடிப்பதற்குள் முந்திக்கொண்டு வந்துவிட்டது. “வந்துடுச்சு” என்றாள், அவள் குரல்தான். “அல்ஹம்துலில்லாஹ்” என்று நஸ்ரின் அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட அந்தக் கைகளுக்குள் இருக்கும்போதுதான் தமயந்திக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். நஸ்ரின் அதையும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டாள்.

போன் மேசையில் அதிர்ந்து நகர்ந்தது. பூபதி. “அக்கா, ரத்தம் குடுத்துட்டேன். எதுக்குக்கா திடீர்னு? அம்மா என்னமோ பொடி கெட்டுப்போச்சுன்னு பொலம்புது.” ஒன்றுமில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். “நல்லா இருக்கேன். நெசமாத்தாங்க்கா. அம்மாவ ஒண்ணுஞ் சொல்லாதே, ஒரு டம்ளர்தான் குடுத்துச்சு, நாந்தான் ரெண்டு டம்ளராக் கேட்டு வாங்கிக் குடிச்சேன். நீ எடுத்த மருந்தாச்சே. ரெண்டு நாளா ஒடம்புல ஒரு கதகதப்பு இருக்குது, ராத்திரி போத்தவே வேண்டியதில்ல. அம்மா குடுத்தத வெச்சாங்களே அந்த எடம், வயித்துல வலதுபக்கம், அங்க மட்டும் கொஞ்சம் கனமா, தொட்டாச் சுருக்குன்னு இருக்குது. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படித்தானக்கா?” சாலையின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது, அக்காவைப் பற்றிய பெருமை. “நீ எங்க இருக்கே?” “பஸ் ஸ்டாப்புல.” “திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போ பூபதி. அவசரப் பிரிவுக்குப் போ. இப்ப எங்கிட்டச் சொன்னத அப்படியே அவங்ககிட்டச் சொல்லு, காய்ச்சல்னு சொல்லு. நான் வந்துட்டே இருக்கேன்.” “காய்ச்சல் எங்கக்கா இருக்குது?” என்றான் அவன். கையுறையைக் கழற்றி வீசிவிட்டுப் பையை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் விட்டால் நீலம் முற்றிப்போகும், அமிலம் ஊற்றி நிறுத்தினால்தான் அளவெடுக்கமுடியும், இல்லாவிட்டால் இந்தத் தட்டு குப்பை. நஸ்ரின் அமிலக் குடுவையோடு நின்றுகொண்டிருந்தாள். “என்னாச்சு? நிறுத்தி ரீடிங் எடுக்கட்டுமா, இல்ல அப்படியே விட்டுடவா?” தமயந்தி கதவருகே ஒரு கணம் நின்றாள். டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும், அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்த டாக்டரும் அதைக் கேட்கப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. “எடு” என்று சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள்.